117-ஐத் தாண்டி 177

மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓர் இலக்கம் மட்டும் மாறுபடும் இரண்டு பிரிவுகள் உண்டு. வண்டிகள் எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை மாநில அரசோ அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ உள்ளாட்சியைக் கலந்துகொண்டு தீர்மானிக்கலாம் என்பது 117. தனித் தண்டனை குறிக்கப்படாத மீறல்களுக்கெல்லாம் பொதுவாக அபராதம் விதிப்பது 177. ஓர் ஊரின் வாகன நிறுத்த ஒழுங்கை எடைபோடுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த ஊர் இவ்விரண்டில் எதை முதலில் கையில் எடுத்தது என்பது. திருநெல்வேலியில் 177 நன்றாகவே வேலை செய்கிறது. 117-ஐத்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எடைக்கு எடுத்துக்கொண்டது தனியொரு ஆவணம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டம், 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2019 திருத்தத்தை ஒட்டித் தமிழக அரசு 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த அபராதப் பட்டியல், 2019இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், குத்தகைக்கு விடப்படும் வாகனக் காப்பகங்கள், கடைசியில் கம்பத்தில் கம்பி வைத்துக் கட்டிய பலகை. வண்டியோட்டி எதிர்கொள்ளும் 'விதி' இத்தனையும் சேர்ந்ததுதான். இதை எழுதியவர்கள் பலர். ஒருமுறை முழுக்கப் படித்துத் திருத்தியவர் ஒருவரும் இல்லை. எனவே தனித்தனிப் பக்கங்களின் தகுதி ஒன்று, தொகுப்பின் ஒத்திசைவு வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் சட்டத்துக்கும் அநீதி, நகரத்துக்கும் அநீதி.

அளவுகோல்களை மறைத்து வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது முறையல்ல. நான் கேட்பவை மூன்று. தடை, தண்டனைக்கு முன்பே தெளிவாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா? தண்டனையின் அளவு, விளைந்த இடையூறின் அளவோடு பொருந்துகிறதா? தவறாகப் பிடிபட்டவர் தன் பக்கத்தைச் சொல்ல, கைக்கெட்டும் தூரத்தில் ஓர் இடம் இருக்கிறதா? அபராதம் குறைவா கூடுதலா என்ற பேச்சு இவற்றுக்குப் பிறகுதான். ஊரில் நடக்கும் வாக்குவாதமெல்லாம் அந்த நான்காவது கேள்வியிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

களத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், வாசகர் அறிந்ததுதான். 1994இல் மாநகராட்சி ஆனபோது ஒரே பெயருக்குள் வந்தவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரியத்துக்காக எழுந்த ஊர்கள். டவுனின் நான்கு ரத வீதிகள் தேர் ஓட வகுத்தவை. பாளையங்கோட்டை கோட்டையைச் சுற்றி வளர்ந்தது. ஜங்ஷனை ரயில் வளர்த்தது. இவற்றை இணைக்க நடந்த பெரிய முயற்சிகள் இரண்டு. சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1843இல் தாமிரபரணிக்குக் குறுக்கே எழுப்பிய பாலம் ஒன்று. 1973இல் ஜங்ஷனில் திறந்த திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம் மற்றொன்று. இரண்டும் ஓடுகிற வண்டிக்கு வழி செய்தவை. நிற்கிற வண்டியைப் பற்றி இந்த ஊர் இதே தீவிரத்தோடு ஒருமுறைகூட யோசித்ததாகத் தெரியவில்லை. அந்த யோசனையின்மைக்கு ஆகும் செலவைத்தான் இப்போது ரசீது ரசீதாக வசூலிக்கிறோம்.

முதலில் சட்ட வாசகம். அதன் தகுதியைக் குறைத்துப் பேச இடமில்லை. 117ஆம் பிரிவு இரண்டு வகை நிறுத்தத்தைப் பிரித்துச் சொல்கிறது: காலவரையின்றி நிற்பது, குறித்த நேரத்துக்கு மட்டும் நிற்பது. ஒரு கடைவீதியை ஒழுங்குபடுத்த இந்த ஒரு பாகுபாடே போதும். 2019 திருத்தம், இடத்தைத் தீர்மானிக்கையில் சாலையைப் பயன்படுத்துவோரின் பாதுகாப்புக்கும் போக்குவரத்தின் தடையற்ற ஓட்டத்துக்கும் முதன்மை தர வேண்டும் என்று நிபந்தனையும் சேர்த்தது. இந்த வரிசை சரியானது. வண்டியின் வசதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

127ஆம் பிரிவு இன்னும் கவனமாக எழுதப்பட்டது. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டியையும், சட்டப்படி தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்லலாம், சக்கரத்துக்குப் பூட்டும் போடலாம். ஆனால் அந்த எல்லைக்குரிய, சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி அதற்கு அனுமதி தர வேண்டும். இழுத்த செலவு உரிமையாளர் பொறுப்பு. இந்த வாசகத்தில் 'சீருடை', 'சட்டப்படி' என்ற இரண்டு சொற்களும் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. வண்டியைத் தூக்குகிறவர் யார் என்று பார்த்த உடனே தெரிய வேண்டும் என்பது ஒன்று. தடை யாரோ சொன்னதாக இருந்தால் போதாது, அதிகாரம் உள்ளவர் முறைப்படி விதித்ததாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. சட்டம் எழுதியவர்களுக்கு வண்டிக்காரன் மேல் பரிவு இருந்ததோ இல்லையோ, நடைமுறை மேல் மரியாதை இருந்திருக்கிறது.

2017 ஒழுங்குமுறைகளும், அவற்றுக்கு முன்பிருந்த 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளும் இதே தெளிவு உடையவை. நடைபாதை, சாலைச் சந்திப்பு, வளைவு, பாதசாரிகள் கடக்கும் இடம், பேருந்து நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை வாசல், தீயணைப்புக் குழாய், நிற்கிற வண்டிக்குப் பக்கவாட்டில் இரண்டாம் வரிசை என்று இந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்குப் பலகை தேவையில்லை. ஓட்டுநர் உரிமம் வாங்கியவருக்கு இவை தெரிந்திருக்க வேண்டும். ஐகிரவுண்டு அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் திரும்பும் இடத்தில் காரை விட்டுவிட்டு 'போர்டு இல்லையே' என்று வாதாடுபவருக்கு இந்தக் கட்டுரை துணை வராது.

குறை அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. ஒரே செயலைப் பல பிரிவுகளின் கீழ் கொண்டுவர முடியும். ஆபத்தான, இடையூறான நிலையில் வண்டியை விடுவது 122. கட்டாயக் குறியீட்டை மீறுவது 119. ஓட்டுதல் ஒழுங்குமுறையை மீறுவது 177ஏ. இதற்கு 500 முதல் 1,000 ரூபாய் வரை. போக்குவரத்துக்குத் தடையாக வண்டியை வைத்திருப்பது 201. இதற்கு 500 ரூபாய் வரை, வண்டி அந்த நிலையில் இருக்கும் காலத்துக்கு. இவற்றில் 201 நேரத்தைக் கணக்கில் கொள்கிறது, 122 ஆபத்தைக் கணக்கில் கொள்கிறது, 119 பலகையைக் கணக்கில் கொள்கிறது. மூன்றும் வெவ்வேறு குற்றங்கள். மெய்ப்பிக்க வேண்டியவையும் வெவ்வேறு. நடைமுறையில் மூன்றும் 'நோ பார்க்கிங்' என்ற ஒற்றைச் சொல்லில் கரைந்துபோகின்றன. எந்தக் குற்றம் என்று தெரியாதவர் அதை எப்படி மறுப்பார்?

அளவு பற்றிய பிழை இதைவிடப் பெரிது. 177ஆம் பிரிவு முதல் மீறலுக்கு 500 ரூபாய் 'வரை' என்றும் அடுத்தவற்றுக்கு 1,500 ரூபாய் 'வரை' என்றும் சொல்கிறது. அது உச்சவரம்பு. மீறலின் தன்மை பார்த்து நூறோ இருநூறோ விதிக்க நடுவருக்கு இடம் உண்டு. 200ஆம் பிரிவு, வழக்குக்குப் போகாமல் கட்டித் தீர்க்கும் தொகையை மாநில அரசு குறிக்கலாம் என்கிறது. 2022 அக்டோபர்ப் பட்டியல் அந்தத் தொகையை 500 என்றும் 1,500 என்றும் குறித்தது. சட்டப்படி இதில் தவறு காண முடியாது. ஆனால் உச்சவரம்பாக இருந்தது ஒரே நாளில் ஒரே விலையாகிவிட்டது. பேருந்து நிறுத்தத்தை மறித்து ஒரு மணி நேரம் நின்ற காருக்கும், யாரும் நடக்காத சுவரோரத்தில் ஐந்து நிமிடம் நின்ற மொபெட்டுக்கும் ஒரே தொகை. பட்டியல் எளிமையாகிவிட்டது, உண்மைதான். பேரம் பேச இடமில்லாததால் காவலருக்கும் வண்டிக்காரருக்கும் இடையில் கைமாறும் சில்லறைக்கும் இடம் குறைந்திருக்கிறது. அந்த நன்மையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எளிமைக்காக இங்கே பலி கொடுத்தது பாகுபாட்டை.

இதே அரசின் இன்னொரு ஏட்டைப் புரட்டினால் இந்த முரண் நன்றாகத் தெரியும். கட்டட விதிகள் ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடமும், ஒரு இருசக்கர வண்டிக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர் இடமும் ஒதுக்கச் சொல்கின்றன. 12.5 சதுர மீட்டருக்கு எதிரே 1.8, ஏறக்குறைய ஏழு மடங்கு. வரைபட அனுமதி தரும் மேசைக்குத் தெரிந்த இந்த வேறுபாடு, அபராதம் போடும் கைக்குத் தெரியவில்லை. ரத வீதிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வண்டியில் வருகிறவர்கள். இடத்தைக் குறைவாக எடுத்துக்கொள்பவர்களும் அவர்கள்தான், 500 ரூபாய் அதிகமாகச் சுடுவதும் அவர்களுக்குத்தான்.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். அபராதம் என்பது நில வாடகையா? இல்லை. நடைபாதையில் குறுக்கே நிற்கும் ஒரே ஒரு ஸ்கூட்டர், சக்கர நாற்காலியில் வருகிறவரைச் சாலைக்குள் இறக்கிவிடும், அங்கே 1.8 சதுர மீட்டர் என்ற கணக்கு செல்லாது. இது வலுவான வாதம். ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு எல்லோருக்கும் ஒரே தொகை என்பதல்ல. இடையூறின் தரம் பார்த்துத் தொகை என்பதே. நடைபாதை, பேருந்து நிறுத்தம், மருத்துவமனை வாசல் ஆகியவற்றுக்கு முழுத் தொகை, மற்றவற்றுக்கு அதில் ஒரு பங்கு என்று வகுக்க 200ஆம் பிரிவே இடம் தருகிறது. அரசு அந்த உழைப்பைச் செய்யவில்லை.

இனி பலகை. இந்த விதித்தொகுப்பு பொதுமக்கள் கண்ணில் படுவது அதில்தான். டவுனிலோ பாளை பஜாரிலோ கண்ணில் படும் தடைப்பலகைகளை நின்று படித்துப் பார்க்கலாம். மேலே காவல்துறைச் சின்னம், நடுவில் சிவப்பு வட்டத்துக்குள் 'பி' எழுத்து, கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் ஒரு ஜவுளிக்கடையின் அல்லது கண் மருத்துவமனையின் பெயர், உபயம். எங்கிருந்து எங்கு வரை, எந்த நேரத்தில், எந்த வண்டிக்கு என்ற விவரம் இருப்பது அரிது. இதற்குப் பக்கத்திலேயே கடைக்காரர் தாமாக மாட்டிய தகரம் ஒன்று: 'வாகனங்களை நிறுத்தாதீர், மீறினால் காற்று இறக்கிவிடப்படும்'. முன்னதற்கு அதிகாரம் இருக்கிறது, தெளிவில்லை. பின்னதற்குத் தெளிவு இருக்கிறது, அதிகாரம் ஒரு துளியும் இல்லை. போக்குவரத்துக் குறியீட்டை நிறுவும் அதிகாரத்தை 116ஆம் பிரிவு அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அமைப்புக்கும்தான் தருகிறது. அடுத்தவர் டயரில் காற்று இறக்கும் உரிமையை எந்தப் பிரிவும் யாருக்கும் தரவில்லை. ஆனாலும் நம் ஊர் வண்டிக்காரர் அஞ்சுவது இரண்டாவது பலகைக்குத்தான். அதில் என்ன நடக்கும் என்று எழுதியிருக்கிறது.

முன்னறிவிப்பு என்ற அளவுகோலில் தொகுப்பு தோற்பது இங்கே. 'நிறுத்தாதீர்' என்பது எளிதில் கண்ணில் படுகிறது. 'இங்கே நிறுத்தலாம்' என்பதைத் தேட வேண்டியிருக்கிறது. ஆங்காங்கே வெள்ளைக்கோடு போட்டிருக்கிறார்கள்; கோட்டுக்கு உள்ளே நிற்கலாமா வெளியே நிற்கலாமா என்பது அடுத்த மழை வரைக்கும் தெரியும். தடையை மட்டும் சொல்லி அனுமதியைச் சொல்லாத விதி, வண்டிக்காரரைச் சூதாடியாக்குகிறது. நேற்று நின்ற இடத்தில் இன்று நின்றால் சலான் வருமா வராதா என்பது அன்றைக்கு யார் பணியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்று அவர் நம்பத் தொடங்குகிறார். அந்த நம்பிக்கை சரியோ தவறோ, அது பரவிய பிறகு விதிக்கு மரியாதை மிஞ்சுவதில்லை.

முறையீடு என்ற மூன்றாவது அளவுகோலுக்கு வருவோம். கைபேசியில் வண்டியின் எண் பலகையைப் படம் பிடித்து இ-சலான் போடும் முறைக்கு இரண்டு நற்பண்புகள் உண்டு. பதிவு நிற்கிறது; கைமாற்றம் குறைகிறது. குறையும் அதே படத்தில்தான் இருக்கிறது. எண் பலகை தெளிவாக விழும் அளவுக்குத் தடைப்பலகை அதில் விழுவதில்லை. வண்டி யாருடையது என்பதற்குச் சான்று இருக்கிறது. அது நின்ற இடம் தடைக்குட்பட்டதா என்பதற்குச் சான்று இல்லை. குறுஞ்செய்தி வருவதற்குள் அதே இடத்தில் இரண்டாம் முறையும் நின்றவருக்கு 500 என்பது 1,500 ஆகிறது. முதல் எச்சரிக்கையே காதுக்கு எட்டாதவரைத் திருந்தாதவர் என்று தண்டிப்பதில் நியாயம் ஏது?

ஒன்றிய அரசு இந்தச் சிக்கலை அறியாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 167ஏ, மின்னணுக் கருவி வழியாகப் போடும் சலானுக்கு ஒழுங்கு வகுத்தது. கண்காணிப்பு நடக்கும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை, படத்தில் மீறலும் எண் பலகையும், நாள், நேரம், இடம், மீறிய பிரிவு, 15 நாளுக்குள் அறிவிப்பு. ஆனால் அந்த விதி பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களையும் காற்று மாசுத் திட்டத்தில் உள்ள நகரங்களையும் மனத்தில் வைத்து எழுதியது. 2011 கணக்கெடுப்பில் 4.7 லட்சம் பேர் இருந்த நெல்லை அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. வெளியே இருப்பதால் அந்த ஒழுக்கம் கூடாது என்று பொருளில்லை. கருவியிடம் கேட்கும் சான்றைக் கையில் பிடித்த கைபேசியிடமும் கேட்கலாம்; மாநகரக் காவல்துறை நாளைக்கே ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்துவிட முடியும்.

சலானை மறுக்க விரும்புகிறவருக்கு வழக்கமாக உள்ள வழி நீதிமன்றம். 500 ரூபாய்க்காக அரைநாள் கூலியை விட்டுவிட்டு யார் போவார்? எனவே எல்லோரும் கட்டிவிடுகிறார்கள். கட்டியதே ஒப்புதலாகக் கணக்கில் ஏறுகிறது. இங்கிலாந்தில் வாகன நிறுத்த அபராதத்தை முதலில் உள்ளாட்சியிடமே எழுத்தில் மறுக்கலாம். அங்கே தோற்றால் கட்டணமின்றி விசாரிக்கும் தனித் தீர்ப்பாயம் உண்டு. 2015 ஏப்ரலிலிருந்து, அனுமதித்த இடத்தில் நேரம் முடிந்தும் நிற்கும் வண்டிக்குப் பத்து நிமிடச் சலுகையும் சட்டமாகவே தந்திருக்கிறார்கள். அந்த நாட்டின் வசதியோடு நம்மை ஒப்பிடுவது பொருந்தாது என்பார்கள். பத்து நிமிடம் பொறுப்பதற்கும் ஒரு கடிதத்தைப் படித்துப் பதில் எழுதுவதற்கும் பெரிய நிதி ஒதுக்கீடு ஏதும் தேவைப்படாது.

கட்டணம் வாங்கும் ஸ்டாண்டுகளைத் தனியாக எடைபோட வேண்டும். குத்தகை முறை நிர்வாகத்துக்கு நிலையான வருவாய் தருகிறது, ஆள் வைக்கும் தொல்லையைத் தவிர்க்கிறது. அதே முறை, எத்தனை வண்டி அடுக்க முடியுமோ அத்தனையையும் அடுக்கு என்ற ஆசையையும் குத்தகைதாரருக்குத் தருகிறது. ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் குரல் 'ஹேண்டில் லாக் போடாதீங்க அண்ணாச்சி, நகத்தணும்'. கையில் தரும் துண்டுச் சீட்டின் அடியில் 'வண்டிக்கும் பொருளுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல'. பூட்டாதே என்று சொல்கிறவரே பொறுப்பில்லை என்றும் சொல்கிறார். 2019 நவம்பரில் தாஜ்மகால் ஹோட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாவியை வாங்கிக்கொண்டு காரை நிறுத்திய ஹோட்டல், தன் பணியாளரின் கவனக்குறைவால் கார் திருடு போனபின் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சடித்த சீட்டைக் காட்டித் தப்ப முடியாது என்றது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், ஒப்படைத்த பொருளுக்குக் கேட்கும் கவனம் அது. சாவியை நாமே வைத்திருக்கும் ஸ்டாண்டுக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒப்படைத்தோமா, இடத்தை வாடகைக்கு எடுத்தோமா என்ற கேள்வி அங்கே எழும். ஆனால் பூட்டைத் திறந்து விடச் சொல்லி, வண்டியைத் தன் விருப்பப்படி நகர்த்திக்கொள்பவர், ஒப்படைப்புக்கு மிக அருகில் வந்துவிடுகிறார். குத்தகை நிபந்தனையில் இதை ஒரு வரியில் தெளிவாக்கலாம். நியாயம் பேசுகிற வண்டிக்காரர் சங்கங்கள் அபராதத்தைக் குறைக்கக் கேட்கும் நேரத்தில் இந்த ஒரு வரியைக் கேட்டிருக்கலாம்.

வண்டிக்காரர் தரப்பையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். 'வாழ்நாள் வரி கட்டியிருக்கிறோம்' என்ற வாதம் செல்லாது. அந்த வரி வண்டியைச் சாலையில் பயன்படுத்துவதற்கு, பொது நிலத்தில் பகல் முழுக்க நிறுத்துவதற்கு வாடகை அல்ல. 2006இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே, நிறுத்தக் கட்டணம் நிலத்தின் உண்மை மதிப்பைக் காட்ட வேண்டும் என்றது. 'கஸ்டமர் வர மாட்டார்கள்' என்ற வியாபாரிகளின் வாதம் பாதி உண்மை. மீதிப் பாதி, காலை ஒன்பது மணிக்குக் கடை வாசலில் நிறுத்தி இரவு ஒன்பது மணிக்கு எடுக்கப்படும் வண்டி பெரும்பாலும் கடைக்காரருடையதோ பணியாளருடையதோ என்பது. வாடிக்கையாளரின் இடத்தைப் பறிப்பது காவலர் இல்லை. வரைபடத்தில் வாகன நிறுத்தம் என்று காட்டி அனுமதி வாங்கிய தரைத்தளம் பிறகு சரக்கறையாவதும் தமிழகத்து நகரங்களில் பழகிய காட்சி. அந்தத் தளம் திறந்திருந்தால் தெருவில் நிற்க வேண்டாத வண்டிக்கு, தெருவில் நின்றதற்காக அபராதம் போடுகிறோம். தளத்தை மூடியவருக்கு அதே விரைவில் அறிவிப்பு போகிறதா?

இங்கேதான் 117இன் 'குறித்த நேரம்' என்ற பாகுபாட்டின் அருமை தெரிகிறது. மாலையில் இருட்டுக்கடை முன் அல்வாவுக்குக் கூடும் கூட்டத்துக்கு வேண்டியது பத்துப் பதினைந்து நிமிட இடம். ஜவுளி எடுக்க வந்த குடும்பத்துக்கு மூன்று மணி நேரம் வேண்டும். கடைப் பணியாளருக்கு நாள் முழுக்க. மூவரும் ஒரே ஓரத்துக்குப் போட்டியிடுகிறார்கள்; முதலில் வந்தவர் பகல் முழுவதையும் எடுத்துக்கொள்கிறார். கீழ ரத வீதியின் ஓரத்தை அரை மணி நேர இடமாக அறிவித்துவிட்டு, நாள்நிறுத்தத்தைத் தெருவுக்கு வெளியே தள்ளினால் அபராதப் புத்தகத்தைத் திறக்கும் தேவையே பாதியாகும் என்பது என் கணிப்பு. பல அடுக்கு நிறுத்தகங்கள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அல்வா வாங்க வந்தவர் மூன்றாம் மாடிக்கு வண்டியை ஏற்ற மாட்டார்.

வசூலான பணம் எங்கே போகிறது என்பதும் நியாயத்தின் பகுதிதான். லண்டனின் பார்னெட் பகுதி உள்ளாட்சி, குடியிருப்போர் நிறுத்தச் சீட்டின் விலையை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டுக்கு ஏற்றியபோது, பொது வருவாய் திரட்ட அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று 2013இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. இலவச நிறுத்தத்துக்குச் சமூகம் கொடுக்கும் விலையைப் பற்றி 2005இல் பெருநூல் எழுதிய டொனால்ட் ஷூப், ஒரு தெருவில் வசூலான நிறுத்தக் கட்டணம் அந்தத் தெருவுக்கே செலவாக வேண்டும் என்று வாதிட்டார். பாசடீனா நகரின் பழைய கடைவீதி 1993 முதல் அப்படிச் செய்து மீண்டதை அவர் எடுத்துக்காட்டினார். ஷூப்பின் தெருவில் நிற்பது கார். நம் தெருவில் நிற்பது ஸ்கூட்டர், ஷேர் ஆட்டோ, தள்ளுவண்டி. அவருடைய விலைக் கணக்கை இங்கே அப்படியே இறக்க முடியாது. பணம் திரும்பி வரும் ஏற்பாட்டை இறக்கலாம். வடக்கு ரத வீதியில் கட்டிய பத்து ரூபாய் அதே வீதியின் நடைபாதைக் கல்லாகத் திரும்புவதைக் கண்ணால் பார்த்தவர் அடுத்த முறை முனகாமல் கட்டுவார்.

இந்த மாவட்டத்தால் முடியாது என்று சொல்லவும் முடியாது. ஆடி அமாவாசைக்கு, புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தைப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில், அகஸ்தியர்பட்டியில் வண்டிகளை விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் மலையேறும் ஏற்பாடு பழகிவிட்டது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அங்கிருந்து போக மாற்று வழி தரப்படுகிறது. அதன் பிறகே தடை. ஆனித் தேரோட்டத்தன்றும் இதே வரிசைதான்: நிறுத்தும் இடங்களும் மாற்றுப்பாதையும் செய்தித்தாளில் முதலில் வரும். அன்றைக்குத்தான் ரத வீதிகளின் உண்மையான அகலம் ஊராருக்கே தெரியவரும். இவை ஒருசில நாள் ஏற்பாடுகள், புலிகள் காப்பகமும் தேரும் தரும் நிர்ப்பந்தம் அன்றாடத்துக்குக் கிடையாது என்ற மறுப்பை ஏற்கிறேன். ஆனாலும் 117-ஐ முதலில் படிக்கும் பழக்கம் இந்த நிர்வாகத்துக்கு அந்நியமில்லை என்பது இதில் உறுதியாகிறது. திருவிழாவுக்கு இருக்கும் ஒழுங்கு செவ்வாய்க்கிழமைக்கு இல்லை.

தீர்ப்புக்கு வருவோம். 1988 சட்டமும் 2017 ஒழுங்குமுறைகளும் தேறுகின்றன. பிரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பது குறை என்றாலும் அடிப்படை சரி. 2022 பட்டியல் பாதி தேறுகிறது: கைமாற்றத்தைக் குறைத்ததற்கு மதிப்பெண் உண்டு, பாகுபாட்டை அழித்ததற்கு இல்லை. தெருமட்டத்தில் பலகை, கோடு, சலான், ஸ்டாண்டுச் சீட்டு நான்கும் சேர்ந்த உள்ளூர்ப் பதிப்பு தேறவில்லை. அதைத் தேற வைக்கப் புதிய சட்டம் வேண்டாம். வீதி வீதியாக, நீளமும் நேரமும் வண்டி வகையும் குறித்து, மாநகராட்சியைக் கலந்து காவல்துறை வெளியிடும் 117ஆம் பிரிவுப் பட்டியல் ஒன்று; பிரிவு எண்ணோடு, உபயதாரர் பெயரில்லாத பலகை; சலானை எழுத்தில் மறுக்க ஆணையர் அலுவலகத்தில் ஒரு மேசை. முதலில் நான்கு ரத வீதிகளுக்கும் பாளை தெற்கு பஜாருக்கும் மட்டும் செய்தால்கூட மறு மதிப்பீட்டுக்கு இடம் உண்டு.

அதுவரை தனித்தனி வழக்குகளில் என் நிலை இது. பேருந்து நிறுத்தத்திலும் மருத்துவமனை வாசலிலும் நடைபாதையிலும் நின்ற வண்டிக்குப் போட்ட 500 ரூபாயில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன். எல்லை சொல்லாத பலகைக்கு இருபதடி தள்ளி, தெருவோரத்தில் ஒட்டி நின்ற இருசக்கர வண்டிக்குப் போட்ட சலானைத் தள்ளுபடி செய்வேன். அதற்கு மேல் போட்ட 1,500ஐயும் சேர்த்து.